கொழும்பில் நடக்கவும் சைக்கிள் ஓடவும்: எல்லோருக்குமான வீதி என்றால் என்ன?

கொழும்பில் நடப்பவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். விடிகாலையில் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியும் விகாரமகாதேவி பூங்காவிலும் கைவீசி நடப்பவர்கள் ஒரு பகுதி. சுகர், பிரஷர் என்று டொக்டர் சொன்னதால் நடப்பவர்கள். அவர்களில் பலர் அங்கே வந்து சேர்வது காரில். மற்றப் பகுதியினருக்கு நடை என்பது ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும் வழி. ஆமர் வீதியில் பஸ்ஸால் இறங்கி வேலைக்குப் போகிறவர், புறக்கோட்டையில் மூட்டை அடுக்கிய வண்டியைத் தள்ளுகிற நாட்டாமி, வெள்ளவத்தை மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு வருகிற அம்மா, ரியூஷன் முடிந்து இருட்டுப்படும் நேரத்தில் பம்பலப்பிட்டியில் பஸ் தேடுகிற பிள்ளை.

போர் முடிந்த பிறகு நடந்த நகர அழகுபடுத்தலில் முதல் பகுதியினருக்குத்தான் கூடுதலாகக் கிடைத்தது. பத்தரமுல்லையில் தியத்த உயன என்ற பூங்கா வந்தது, ஏரிக்கரைகளில் உடற்பயிற்சிப் பாதைகள் வந்தன, பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடம் உலாவுகிற இடமாக மாறியது. எல்லாம் நல்ல காரியங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மார்க்கெட் அம்மாவுக்கு அவற்றால் ஆனது ஒன்றுமில்லை. அவருக்குத் தேவை வீட்டிலிருந்து மார்க்கெட் வரைக்கும் விழாமல் போய் வர ஒரு வழி.

அந்த வழியை எப்படி யோசிப்பது, எப்படி அளப்பது என்பதைத்தான் நகரத் திட்டமிடலில் ‘எல்லோரையும் உள்ளடக்கிய நடை, சைக்கிள் திட்டமிடல்’ என்கிறார்கள். பெயர் கொஞ்சம் நீளம். விஷயம் அவ்வளவு சிக்கலானதில்லை.

யாரை மனதில் வைத்து வீதி போடுகிறோம்?

ஒரு வீதியை வரையும் பொறியியலாளருக்கு மனதில் ஓர் ஆள் தேவை. அந்த ஆளுக்கு ஏற்றபடிதான் அகலம், உயரம், வளைவு எல்லாம் வரும். நெடுங்காலமாக அந்த ஆள் காரில் இருப்பவர். மணிக்கு எத்தனை வாகனம் போகும், அதற்கு எத்தனை நிரை (லேன்) வேண்டும் என்று கணக்குப் போட்டு, கடைசியில் ஓரத்தில் மிஞ்சுகிற இடத்தில் நடைபாதை. மிஞ்சாவிட்டால் நடைபாதையும் இல்லை.

உள்ளடக்கிய திட்டமிடல் கணக்கை மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறது. இந்த வீதியில் போக மிகவும் கஷ்டப்படுகிறவர் யார்? அவர் தனியாக, பயமில்லாமல் போகக்கூடிய மாதிரி முதலில் செய்வோம், மற்றவர்கள் தானாகவே போய்விடுவார்கள். 8 வயதுப் பிள்ளைக்கும் 80 வயதுத் தாத்தாவுக்கும் சரிவந்தால் இடையில் உள்ள எல்லோருக்கும் சரிவரும் என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்து திட்டமிடல் துறையில் இதைவிட எளிய சோதனை கிடையாது.

“சக்கர நாற்காலியில் போகிற ஆட்கள் இங்கே எத்தனை பேர்? ரோட்டில் காணவே இல்லையே” என்று கேட்பவர்கள் உண்டு. காணவில்லை என்பதுதான் பிரச்சினையே. 2012 குடிசன மதிப்பீட்டில், 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர் பார்வை, கேள்வி, நடை போன்ற ஏதோ ஒன்றில் தங்களுக்குச் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் அது 16 இலட்சம் பேர். அதே மதிப்பீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். இந்தக் கணக்குகளில் வராதவர்களும் இருக்கிறார்கள்: ஏழு மாதக் கர்ப்பிணி, முழங்கால் ஒபரேஷன் செய்து மூன்று கிழமை ஆனவர், கைக்குழந்தையோடு இன்னொரு பிள்ளையையும் பிடித்துக்கொண்டு வருகிற தாய், காஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர். எப்போதோ ஒரு நாள் இந்தப் பட்டியலில் எல்லோருடைய பெயரும் வரும்.

வெள்ளவத்தையில் நூறு மீற்றர்

காலி வீதியில் வெள்ளவத்தைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். நடைபாதை இருக்கிறதா? இருக்கிறது. சில இடங்களில் கல் பதித்து, பார்க்க நன்றாகவே இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் பிழை சொல்ல முடியாது.

இப்போது ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அதே நடைபாதையில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். புடைவைக் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அதைக் கடந்தால் வாகனம் உள்ளே போகிற ஒரு கேற். கார் சுகமாக ஏறுவதற்காக நடைபாதையையே வீதிப் பக்கம் சரித்துவிட்டார்கள். நாற்காலி தானாக வீதிக்கு இழுபடும், தள்ளுகிறவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு கானுக்கு மேலே போட்ட கொங்கிரீட் ஸ்லாப். இரண்டு ஸ்லாப்புக்கு நடுவில் இடைவெளி, முன்சில்லு அதற்குள் போய்ச் சிக்கும். ஒரு மின்கம்பம், அதைத் தாங்குகிற இழுவைக் கம்பி. பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற கூட்டம். ஹம்டன் லேன், மனிங் பிளேஸ் என்று ஒவ்வொரு குறுக்கு வீதி வரும்போதும் நடைபாதை முடிந்து, இறங்கி, கடந்து, மறுபடி ஏற வேண்டும். இறங்குகிற இடத்தில் சரிவு இருந்து ஏறுகிற இடத்தில் இல்லாவிட்டால்? வாகனங்களுக்கு நடுவில் நின்றபடி யாரையாவது உதவிக்குக் கூப்பிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வருகிற தண்ணீர்க் குழாய் மாதிரித்தான் இதுவும். முழு நீளத்தில் ஓர் அங்குலம் அடைத்துக்கொண்டால் போதும், மற்ற இடமெல்லாம் எவ்வளவு நல்ல குழாய் என்பது வீண்பேச்சு. அதனால்தான் உள்ளடக்கிய திட்டமிடலில் ‘எத்தனை கிலோமீற்றர் நடைபாதை போட்டோம்’ என்ற கேள்விக்கு அவ்வளவு பெறுமதி இல்லை. எங்கே அறுகிறது என்பதுதான் கேள்வி.

சரி, என்ன அளவு வேண்டும்? ஒரு சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஏறக்குறைய 1.5 மீற்றர், இரண்டு எதிரெதிரே கடப்பதற்கு 1.8 மீற்றர் தடையில்லாமல் இருக்க வேண்டும். ‘தடையில்லாமல்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 3 மீற்றர் அகல நடைபாதையின் நடுவில் மரமும் கம்பமும் விளம்பரப் பலகையும் நின்றால் அது 3 மீற்றர் இல்லை, மிஞ்சுகிற 80 சென்ரிமீற்றர்தான் அதன் உண்மையான அகலம். சரிவுக்குப் பொதுவான அளவு 1க்கு 12. அதாவது நடைபாதை விளிம்பு 15 சென்ரிமீற்றர் உயரம் என்றால் சரிவு 1.8 மீற்றர் நீளமாக இருக்க வேண்டும். நம்முடைய இடங்களில் ஒரு வாளி சீமெந்தைக் கொட்டித் தட்டிவிட்டு அதைச் சரிவு என்பார்கள். அதில் நாற்காலி ஏறாது, இறங்கினால் முன்னுக்குக் கவிழும்.

குறுக்கு வீதிகளுக்கு இன்னும் நல்ல தீர்வு ஒன்று இருக்கிறது. நடைபாதையை இறக்காமல், அதே மட்டத்தில் குறுக்கு வீதியின் வாய்க்கு மேலாகவும் கொண்டு போய்விடுவது. அப்போது ஏறி இறங்க வேண்டியது கார்தான். காருக்கு எஞ்சின் இருக்கிறது, ஏறட்டும். வேகமும் தன்பாட்டில் குறையும். நெதர்லாந்தில் இது சர்வசாதாரணம். கொழும்பில் ஒழுங்கைகள் நிறைந்த வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை. ஒரே நிபந்தனை: கட்டும்போது மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வழி விட வேண்டும். விடாவிட்டால் முதல் மழைக்கே ஒழுங்கை குளமாகிவிடும்.

பார்வையற்றவர்களுக்கு நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் பதிக்கிற மேடு பள்ளக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் உருவாக்கியது, 1967இல் ஒகயாமா நகரில்தான் முதன்முதலில் பதித்தார்கள். நீளக் கோடு போட்ட கல் என்றால் ‘நேரே போ’, புள்ளி புள்ளியாக இருந்தால் ‘நில், கவனி’. காலாலும் வெள்ளைப் பிரம்பாலும் வாசிக்கிற எழுத்து அது. கொழும்பில் சில இடங்களில் அதைப் பதித்திருக்கிறார்கள். அழகான தரை வேலைப்பாடு என்று நினைத்துப் பதித்தார்களோ என்னவோ, அந்தக் கோட்டை நம்பி நடந்தால் நேரே கம்பத்தில் போய் முட்டுகிற இடங்களும் உண்டு. பிழையான வழிகாட்டியைவிட வழிகாட்டி இல்லாமல் இருப்பது மேல்.

இவற்றால் உதவி பெறுகிறவர்கள் மாற்றுத்திறனாளிகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு நாட்டாமி வண்டி தள்ளுவதை நின்று பாருங்கள். நடைபாதைச் சரிவு ஒழுங்காக இருந்தால் ஒரே தள்ளில் ஏறும். இல்லாவிட்டால் இரண்டு பேர் பின்னால் தோள் கொடுக்க வேண்டும். கிலோக் கணக்கில் சீனியும் பருப்பும் போகிற சந்தையில் அந்த 15 சென்ரிமீற்றர் ஒரு நாளைக்கு எத்தனை பேரின் இடுப்பை முறிக்கிறது!

கடப்பது

நடையில் ஆபத்தான கட்டம் வீதியைக் கடக்கிற கட்டம். இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் சாகிறார்கள், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நடந்து போனவர். பாதசாரிக் கடவையில் ஆள் இறங்கினால் வாகனம் நிற்க வேண்டும் என்பது சட்டம். பிரைவேட் பஸ்காரர் அதை எப்படி வாசிக்கிறார் என்பது நமக்கெல்லாம் தெரியும்.

இதற்குக் கொழும்பு கண்டுபிடித்த பதில், ஆட்களை மேலேயோ கீழேயோ அனுப்புவது. கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் ஓல்கொட் மாவத்தையைக் கடக்கிற பாலம், பொரளையில் நிலத்தடிப் பாதை. வாகனம் தடைப்படாது, ஆளும் அடிபடார் என்பது நியாயம்தான். ஆனால் உயரத்தைக் கணக்குப் பார்ப்போம். பஸ்ஸும் கொள்கலன் லொறியும் கீழால் போக ஏறக்குறைய 5 மீற்றர் இடைவெளி வேண்டும். 15 சென்ரிமீற்றர் படியாகப் போட்டால் ஏற 33 படி, இறங்க இன்னொரு 33. சக்கர நாற்காலிக்குச் சரிவு வைத்தால், 1க்கு 12 அளவில், ஒரு பக்கத்துக்கு மட்டும் 60 மீற்றர் நீளம். எதிர்ப்பக்கம் 15 மீற்றரில் தெரிகிறது! லிப்ட் வைக்கலாம்தான். அது வேலை செய்கிற நாட்களில். ஆகவே முழங்கால் வலிக்காரர் என்ன செய்கிறார்? பாலத்துக்குக் கீழால், வாகனங்களுக்கு நடுவால் ஓடுகிறார். பிறகு ‘மக்களுக்கு ஒழுங்கில்லை’ என்று பத்திரிகையில் கடிதம் வருகிறது.

அதே மட்டத்தில் பாதுகாப்பாகக் கடக்க வைப்பதுதான் உள்ளடக்கிய வழி. அதற்கு மூன்று நான்கு கருவிகள் போதும். முதலாவது, கலர் லைட்டில் நடப்பவருக்குப் போதிய நேரம். பல நாடுகளில் வினாடிக்கு 1.2 மீற்றர் என்ற நடை வேகத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். 14 மீற்றர் அகல வீதிக்கு அது 12 வினாடிக்குள் அடங்கிவிடும். கைத்தடியோடு போகிற ஒருவர் வினாடிக்கு 0.8 மீற்றர்தான் நடப்பார். அவருக்கு 17 வினாடிக்கு மேல் வேண்டும். 12 வினாடியில் விளக்கு மாறினால் அவர் இன்னும் 4 மீற்றருக்கு மேல் நடுவீதியில் நிற்பார். மேலதிகமாக ஆறு வினாடி கொடுப்பதற்கு சீமெந்தும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். இரண்டாவது, அகலமான வீதிகளில் நடுவில் நிற்கிற திட்டு, ஒரு தடவைக்கு ஒரு பக்க வாகனத்தை மட்டும் பார்த்தால் போதும். மூன்றாவது, கடவையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது. அப்புறம், பார்வையற்றவருக்குப் பச்சை விழுந்ததைச் சொல்லும் ஒலி.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: வேகம். நகருக்குள் காருக்கு 50 கிலோமீற்றர் என்பது நமது எல்லை. 50இல் வருகிற சாரதி ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள், ஒரு வினாடி தாமதம் என்று வைத்தாலும், வாகனம் 14 மீற்றர் வந்துவிடும். 30இல் வந்தவர் காய்ந்த ரோட்டில் 13, 14 மீற்றருக்குள் முழுதாகவே நின்றுவிடுவார். அதாவது 30காரர் நிற்கிற இடத்தில் 50காரர் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்கமாட்டார். 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வாகனங்களோடு கலந்து போகிற இடங்களில் 30ஐ உச்சவேகமாக்க வேண்டும் என்று பிரகடனம் செய்ததற்கு இந்தப் பௌதிகம்தான் காரணம். போர்டு நட்டால் மட்டும் வேகம் குறையாது என்பதும் உண்மை. அகலமான, நேரான, வெறும் வீதியைப் போட்டுவிட்டு ‘மெதுவாகப் போ’ என்று எழுதி வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். நிரையை ஒடுக்கி, திருப்பத்தைக் கூராக்கினால் கால் தானாகவே எக்ஸிலேட்டரிலிருந்து எழும்.

சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குச் சைக்கிளைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் சைக்கிள்தான். பள்ளிக்கூடம் விடும் நேரம் வெள்ளைச் சீருடைப் பெண்பிள்ளைகள் நிரைநிரையாகச் சைக்கிளில் வருவது அங்கே இன்றைக்கும் பார்க்கிற காட்சி. அதே பெண் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் அறையெடுத்து வேலைக்குப் போனால், மறுபடி சைக்கிள் தொடுவதில்லை. அவளுக்கு ஓட்ட மறந்துவிடவில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸுக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவில் அரை மீற்றரில் ஓட அவள் தயாரில்லை, அவ்வளவுதான்.

சைக்கிளுக்கு இந்த நகரம் உண்மையில் தோதான நகரம். மாநகர எல்லைக்குள் பரப்பளவு 37 சதுர கிலோமீற்றர்தான், பெரும்பாலும் சமதரை. நிதானமாக மணிக்கு 15 கிலோமீற்றரில் மிதித்தால் 5 கிலோமீற்றர் தூரத்துக்கு 20 நிமிடம். காலையில் காலி வீதியில் காரில் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு எவ்வளவு நேரம் என்று. வெயிலும் வியர்வையும் தடைதான், அதற்கு மரமும் வேலைத்தலத்தில் ஒரு குளியலறையும் வேண்டும். பயம்தான் முதல் தடை.

பயத்தைப் போக்கப் பெயின்ட் போதாது. வீதியோரத்தில் ஒரு கோடு கிழித்துச் சைக்கிள் படம் வரைந்தால், மறுநாள் காலையில் அதில் ஓட்டோ தரித்து நிற்கும், பஸ் அதற்குள் புகுந்து ஆள் ஏற்றும். ஏற்கெனவே துணிந்து ஓடுகிற இளைஞர்கள் மட்டும் தொடர்ந்து ஓடுவார்கள், புதிதாக யாரும் வரமாட்டார்கள். ஆகவே முதன்மை வீதிகளில் விளிம்புக்கல்லோ கம்பமோ பூச்சாடியோ வைத்துப் பிரித்த தனி நிரை வேண்டும். ஒரு சைக்கிள் இன்னொன்றை முந்துவதற்கும், மூன்று சில்லுச் சைக்கிளும் கையால் சுழற்றி ஓட்டும் மாற்றுத்திறனாளிகளின் வண்டியும் போவதற்கும் அது ஏறக்குறைய 2 மீற்றர் இருந்தால் நல்லது. உள் ஒழுங்கைகளுக்குத் தனி நிரை தேவையில்லை. வேகத்தை 30க்கும் கீழே கொண்டுவந்து, குறுக்கு வழியாகப் பாய்கிற வாகனங்களை மறித்தால் போதும்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பஸ் தரிப்பிடத்தில் சைக்கிள் நிரையைப் பஸ்ஸுக்கும் பயணிகளுக்கும் நடுவில் விடமுடியாது. அதனால் பல நகரங்களில் நிரையைத் தரிப்பிடத்துக்குப் பின்னால் வளைத்துக் கொண்டு போகிறார்கள். சைக்கிள்காரருக்கு அது அருமை. பார்வையற்ற ஒருவருக்கு, பஸ் ஏறுவதற்கு முன்னால் சத்தமே இல்லாமல் வருகிற ஒரு வாகனத்தைக் கடக்க வேண்டிய கட்டாயம். நடைபாதையையே பாதி பிரித்துச் சைக்கிளுக்குக் கொடுப்பதும் இதே பிரச்சினைதான். முதியவர்கள் அஞ்சி ஒதுங்குவார்கள். ஆகவே சைக்கிளுக்கு இடம் வாகனங்களிடமிருந்து வர வேண்டும், நடப்பவரிடமிருந்து பிடுங்கக் கூடாது. தரிப்பிடத்தில் அந்த நிரையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, ஒடுக்கி, தெளிவான கடவையும் போட வேண்டும். அதை வரைவதற்கு முன்னால் பார்வையற்ற ஆட்களைக் கூட்டிவந்து கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இன்னொன்று. கொழும்பில் இப்போதும் சைக்கிள் ஓடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் ‘சைக்கிள்காரர்’ என்று எண்ணுவதில்லை. விடிய நாலு மணிக்குப் பேப்பர் போடுகிறவர், லொத்தர் பெட்டி பூட்டிய சைக்கிளோடு சந்தியில் நிற்கிறவர், இரவுக் காவலுக்குப் போகிற செக்கியூரிட்டி, கட்டட வேலைக்குப் போகிற பையன்கள். ஹெல்மெட்டும் இறுக்கமான உடையும் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஓடுகிற கழகத்தாரைத்தான் கூட்டங்களுக்கு அழைப்பார்கள். அவர்களும் வரட்டும். ஆனால் லொத்தர்காரருக்கு எந்தச் சந்தியில் எப்போது ஆபத்து என்று தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

2022இல் நமக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. பெற்றோல் கியூவில் நாட்கணக்காக நின்ற மக்கள் சைக்கிள் வாங்க ஓடினார்கள், விலை மளமளவென்று ஏறியது, அலுவலக உத்தியோகத்தர்கள்கூட மிதித்துக்கொண்டு போனார்கள். பிறகு எரிபொருளைப் பங்கிடுகிற கியூஆர் முறை வந்தது, எரிபொருள் வந்தது, சைக்கிள்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. சைக்கிள் நாடு என்று இன்று நாம் சொல்கிற நெதர்லாந்து 1970களில் நின்ற இடம் இதைவிட வித்தியாசமானதில்லை. 1971இல் அங்கே வீதி விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் செத்தார்கள், அதில் 400க்கு மேல் பிள்ளைகள். ‘பிள்ளைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை நிறுத்தியது. அந்த இரண்டும் சேர்ந்த வேகத்தில் அவர்கள் வீதிகளை மாற்றத் தொடங்கினார்கள். நாங்கள் நெருக்கடியை அனுபவித்ததோடு சரி.

நிழல், வெளிச்சம், வியாபாரி

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு நிழலில்லாத 500 மீற்றர் ஒரு வயதானவருக்கு நடக்க முடியாத தூரம். பௌத்தாலோக மாவத்தையில் பழைய மாரா மரங்களுக்குக் கீழே அதே தூரம் ஒன்றுமில்லை. வீதியை அகலமாக்கும்போது முதலில் விழுவது மரம், அதனால்தான் மரத்தை நான் அலங்காரக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து ஐந்து பேர் செத்த பிறகு மரம் என்றாலே பயம். வேருக்கு இடம் விட்டு, பழுதானதைப் பார்த்து வெட்டி, புதிதை நடுகிற ஆட்கள் வேண்டும். வேரைச் சுற்றிக் கழுத்துவரை கொங்கிரீட் போட்டால் எந்த மரமும் ஒரு நாள் சாயும்.

பெண்களுக்கு வெளிச்சம் முக்கியம். பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக 90 வீதமான பெண்கள் சொன்னதாக ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு ஒன்று சொல்கிறது. பஸ் பயணம் பஸ்ஸில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது. மரைன் டிரைவிலிருந்து காலி வீதிக்கு ஏறுகிற ஒழுங்கைகளில், இரு பக்கமும் உயரமான மதில், விளக்கு வாகனப் பாதையைப் பார்த்தபடி. ஓரமாக நடக்கிற பெண்ணின் முகத்தில் வெளிச்சம் விழாது. நடைபாதையைப் பார்க்கிற, உயரம் குறைந்த விளக்குகள் வேண்டும்.

மதிலைவிட மனிதர் நல்லது. அதனால்தான் நடைபாதை வியாபாரிகளை அடியோடு விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. புறக்கோட்டையில் நடக்க இடமில்லை என்பது உண்மை. ஆனால் இரவு எட்டு மணிக்குக் கச்சான் விற்கிற ஒருவர் நிற்கிற சந்தியில் ஒரு பெண் பயமில்லாமல் பஸ்ஸுக்கு நிற்பாள். 1.8 மீற்றரை நடப்பவருக்கு என்று கோடு கிழித்து ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தை வியாபாரிக்கு அளந்து கொடுக்கலாம். நடைபாதையில் நிற்கிற மோட்டார் சைக்கிளுக்குக் காட்டுகிற தாட்சண்யத்தைக் கச்சான்காரருக்குக் காட்டக் கூடாதா?

சென்னையைப் பாருங்கள், வெயிலும் நெரிசலும் நம்மோடு போட்டி போடுகிற ஊர். 2014இல் மாநகராட்சி, போக்குவரத்துக்கான நிதியில் 60 வீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவது என்று ஒரு கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரை அகலமான நடைபாதைகளோடு திறந்தார்கள். தீபாவளிக்குப் புடைவை எடுக்கப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே நகரத்தில் மற்ற வீதிகள் எப்படி என்றும் பார்த்திருப்பீர்கள். கொள்கை ஒன்று, ஒவ்வொரு வார்டாக அதைக் கொண்டுபோவது வேறொன்று.

சட்டம் இருக்கிறது, யாரிடம் கேட்பது?

இதற்கெல்லாம் நம்மிடம் சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2006இல் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. பொதுக் கட்டடங்களோடு பொது இடங்களும் பொதுச் சேவைகளும் அதில் அடங்கும். சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சாசனத்தையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது.

சிக்கல், ஒரே நடைபாதைக்குப் பல எஜமானர்கள் இருப்பது. காலி வீதி போன்ற ஏ தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. உள் வீதி, ஒழுங்கை என்றால் மாநகர சபை. பெரிய அபிவிருத்தித் திட்டம் என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபை. நெரிசலைக் கட்டுப்படுத்துவது பொலிஸ். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தொலைபேசிக்கும் கிண்டுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். கிண்டியவர் மண்ணை மூடிவிட்டுப் போவார், கல்லைத் திருப்பிப் பதிப்பது யார் பொறுப்பு என்பது அடுத்த மழை வரைக்கும் தீராது.

ஆகவே முறைப்பாடு எழுதும்போது ‘நடைபாதை சரியில்லை’ என்று எழுதினால் அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். முதலில் அந்த வீதி யாருடையது என்று பாருங்கள். பிறகு ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து அடிக்கடி போகிற ஓரிடத்துக்கு, கோயிலோ மார்க்கெட்டோ டிஸ்பென்சரியோ, நடந்து பாருங்கள். முடிந்தால் வீட்டில் உள்ள மூத்தவரையோ சின்னப் பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் தயங்கி நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். விளிம்பு எத்தனை சென்ரிமீற்றர், கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, கலர் லைட் எத்தனை வினாடி எரிகிறது, எந்த ஸ்லாப் உடைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், பக்கத்துக் கடை இலக்கம். ‘இந்த இலக்கக் கடைக்கு முன்னால் விளிம்பு 22 சென்ரிமீற்றர், சரிவு இல்லை’ என்று எழுதிய கடிதத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் பதில் எழுத வேண்டியிருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றை உங்கள் வட்டார மாநகர சபை உறுப்பினருக்கும் கொடுங்கள். தமிழில் எழுதலாம், அதற்கான உரிமை உங்களுக்கு இருக்கிறது.